கலப்புக் குறிகைச் சோதனைப் பலகையில் எர்த், கவசம், வடிப்பான்

பாலக்காட்டுக் கணவாயின் தென்புறத்தில், நெல்லியாம்பதி மலைகளின் அடிவாரத்தில் கொல்லங்கோடு அமைந்துள்ளது. மலைமேல் பெய்யும் மழை சீதார்குண்டு அருவியாக இறங்குவதை ஊரின் நெல்வயல்களிலிருந்தே காணலாம். அம்மழைநீரில் ஒரு பகுதி மீன்கரை, சுள்ளியாறு ஆகிய நீர்த்தேக்கங்களை நிரப்பி, காயத்திரிப்புழை வழியே பாரதப்புழையைச் சேர்கிறது. பார்வைக்கு இனிய இந்நிலம், நுண்ணிய மின் அளவீடுகளைச் செய்ய வருபவருக்கு எளிய நிலமன்று. சமவெளியில் கிணற்று மோட்டார்கள் ஓடுகின்றன. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் இருப்புப்பாதையின் மேல் 25 கிலோவோல்ட் மின்கம்பி செல்கிறது. கோடையில் செம்பாறை மண் ஈரமின்றி இறுகிவிடுகிறது. இடவப்பாதி தொடங்கும் முன்னும் துலாவர்ஷக் காலத்திலும் இடியும் மின்னலும் மிகுதி. அளக்கும் கருவி இவை அனைத்தையும் கேட்கும். கேட்க வேண்டாதவற்றைக் கேளாதிருக்கச் செய்வது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

அளவீட்டின் தேவையைப் பற்றி ஐயம் எழாதிருக்க ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடல் வேண்டும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்தில் இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களின் மேல் மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால் செய்தி வெளியே எட்டுவதற்கு மறுநாட் காலையாயிற்று. அதே மாவட்டத்தில், 2005இல் சரிவு கண்ட மூணாறு அந்தோணியார் காலனியில், அமிர்தா பல்கலைக்கழகத்தார் 2009ஆம் ஆண்டளவில் கம்பியில்லா உணர்கருவி வலையொன்றை நிறுவினர். நிலத்தில் ஆழத் துளையிட்டு இறக்கிய குழாய்களில் பீசோமீட்டர்களும் சாய்வுமானிகளும் பொருத்தப்பட்டன. அவற்றின் அளவுகள் செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரிக்கு அனுப்பப்பட்டன.

பீசோமீட்டர் அளப்பது துளைநீர் அழுத்தத்தை. மண் துகள்களின் இடைவெளியில் நீர் நிறையும்போது அது துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுகிறது. துகள்களிடை உராய்வு குறைகிறது. சரிவைப் பிடித்து நிறுத்தியிருந்த பிடி தளர்கிறது. ஆகவே மழையின் அளவைக் காட்டிலும் மண்ணுள் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதே சரிவின் நிலையை நேராகச் சொல்லும். அந்த அளவில் பொய் கலந்தால் இருவகைக் கேடு உண்டு. நீர் உயராதபோது உயர்ந்ததாகக் காட்டினால் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு வெளியேற நேரும்; இரண்டாம் முறை, மூன்றாம் முறை எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தார். நீர் உயர்ந்தபோது அவ்வுயர்வு இரைச்சலுள் மறைந்தால் விளைவு கூறவேண்டுவதில்லை.

எவ்வளவு சிறிய குறிகை?

அழுத்த உணர்கருவிகளுள் பல, நான்கு தடைகளாலான பாலச் சுற்றை உடையவை. அழுத்தம் ஏறும்போது தடைகள் சிறிதளவு மாறும். பாலத்தின் இரு முனைகளுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். ஒரு வோல்ட் ஊட்டத்திற்கு 2 மில்லிவோல்ட் என்பது இத்தகைய கருவிகளில் பெரிதும் வழங்கும் அளவு. 5 வோல்ட் ஊட்டினால் முழு அளவில் கிடைப்பது 10 மில்லிவோல்ட் மட்டுமே. அம்முழு அளவு 10 மீட்டர் நீருயரத்தைக் குறிப்பதாகக் கொள்க. அங்ஙனமாயின் ஒரு மீட்டர் நீருக்கு ஒரு மில்லிவோல்ட்; ஒரு சென்டிமீட்டர் நீருக்கு 10 மைக்ரோவோல்ட்.

இதனை 250 மடங்கு பெருக்கி, 2.5 வோல்ட் எல்லையுள்ள 12 பிட் இலக்கமாற்றிக்குக் கொடுத்தால், 4,096 படிகளுள் ஒரு படி என்பது உணர்கருவியின் பக்கத்தில் சுமார் 2.4 மைக்ரோவோல்ட்; நீருயரத்தில் கால் சென்டிமீட்டர். காகிதத்தில் இது மிக நல்ல கருவி. பலகையில் அமைத்த பின்னரும் அது நல்ல கருவியாக நிற்குமா என்பதுதான் கேள்வி.

ஏனெனில், ஒரே பலகையில் இருவேறு இயல்புடைய சுற்றுகள் குடியிருக்கின்றன. ஒரு பக்கம் பாலமும் பெருக்கியும். இவற்றில் ஓடுவது மெல்ல மாறும் தொடர் குறிகை. மறுபக்கம் நுண்செயலி, நினைவகம், வானொலி அலை அனுப்பி. இவற்றில் ஓடுவது வினாடிக்குப் பல இலட்சம் முறை திடீரெனத் தாவும் இலக்கக் குறிகை. இவ்விரண்டும் சேர்ந்த பலகையே கலப்புக் குறிகைப் பலகை எனப்படும். தொழிற்சாலைகளில் இலக்கமாற்றி போன்ற சில்லுகளைத் தேர்வு செய்வதற்கென்று தனியே சோதனைப் பலகைகள் அமைக்கப்படுகின்றன. அவற்றிலும் இதே சிக்கல்தான். பலகையின் குற்றம் சில்லின் குற்றமாக ஏட்டில் ஏறிவிடும். நல்ல சில்லு கழிக்கப்படும்.

இக்கலப்பு புதியதன்று. இலக்கமுறைத் தொலைபேசி இணைப்பகத்தில் ஒவ்வொரு சந்தாதாரரின் குரலும் வினாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, முறைக்கு 8 பிட்டாக எண்ணாக்கப்படுகிறது. வினாடிக்கு 64,000 பிட்டுகள். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் இயங்கும் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலைக் கிளை, இத்தகைய இணைப்பகக் கருவிகளை உருவாக்கிய இடங்களுள் ஒன்று. தொலைபேசியில் கேட்கும் ‘ம்ம்’ என்ற மெல்லிய முரலலைப் போக்குவதற்கு அந்நாளைய பொறியாளர்கள் கையாண்ட வழிகளே இன்று மலைச்சரிவுக் கருவிக்கும் பயன்படுகின்றன.

ஒரு சொல், இரு பொருள்

பட்டறைகளில் ‘எர்த்’ என்றும் ‘கிரவுண்டு’ என்றும் வழங்கும் சொற்கள் இரு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமையே பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

முதலாவது, மண்ணுடன் கொள்ளும் தொடர்பு. கருவியின் உலோகப் பெட்டியில் தவறுதலாக மின்சாரம் ஏறினால் தொடுபவர் உயிர் பிழைப்பதற்கும், இடியின் மின்னோட்டம் இறங்குவதற்கும் இது வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3043 என்னும் விதித்தொகுப்பு இதற்கு உரியது. இரண்டாவது, சுற்றினுள் எல்லா மின்னழுத்தங்களும் எதிலிருந்து அளக்கப்படுகின்றனவோ, எல்லா மின்னோட்டங்களும் எதன் வழியே மின்கலத்திற்குத் திரும்புகின்றனவோ அந்தப் பொதுத்தளம். இதற்கு மண் தேவையில்லை. 1975இல் விண்ணிற் செலுத்தப்பட்ட ஆரியபட்டாவுக்கு எந்த மண்ணில் எர்த் போடப்பட்டது? ஆகாய விமானத்திலும் நுண்ணிய கருவிகள் செவ்வனே இயங்குகின்றன.

இரைச்சல் மிகும்போது, “எர்த் சரியில்லை, இன்னொரு குழாயை இறக்குவோம்” என்று சொல்லும் பழக்கம் களப்பணியாளரிடையே உண்டு. பெரும்பாலும் இதனால் பயன் விளைவதில்லை. சிலபோது தீங்கும் விளையும். மின்னோட்டம் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே திரும்பும். மண்ணுள் கொட்டி மறைந்துவிடாது. மண், இரைச்சலைக் கொட்டும் குப்பைக்குழி அன்று.

மண்ணின் தன்மையையும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 3 மீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள கம்பியை, 100 ஓம்-மீட்டர் தடைமையுள்ள ஈரமண்ணில் நட்டால் அதன் தடை சுமார் 33 ஓம். அதே கம்பியை 1,000 ஓம்-மீட்டர் தடைமையுள்ள வறண்ட நிலத்தில் நட்டால் 330 ஓமைத் தாண்டும். உப்பும் கரியும் இட்டு நீர் ஊற்றுவது இத்தடையைக் குறைப்பதற்கே. இடியின் மின்னோட்டம் 30,000 ஆம்பியரை எட்டுவது இயல்பு. 33 ஓம் என்ற நல்ல எர்த்தில்கூட, கணக்கின்படி அவ்விடம் 10 இலட்சம் வோல்ட் அளவுக்கு உயர வேண்டும். மண்ணில் பொறி பாய்வதால் உண்மையில் இது குறையும் எனினும், எர்த் குழாய் எப்போதும் ‘பூஜ்ய வோல்ட்’ என்னும் நம்பிக்கை தவறு என்பது விளங்கும். அந்நேரத்தில் 100 மீட்டர் தொலைவில் வேறொரு குழாயுடன் இணைக்கப்பட்ட உணர்கருவி அத்துணை உயரத்திற்கு எழுவதில்லை. இரண்டுக்கும் இடையேயுள்ள மெல்லிய கம்பி அவ்வேறுபாடு முழுவதையும் சுமக்க வேண்டிவரும், பலகை கருகும்.

ஆதலின் விதி இதுவே: ஒரு நிலையத்தில் எத்தனை எர்த் குழாய்கள் இருப்பினும் அவை அனைத்தும் தடித்த பட்டையால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட வேண்டும், கருவியின் பெட்டி, சூரியத் தகட்டின் சட்டம், அலைக்கம்பத்தின் கால் ஆகியன அப்பிணைப்பில் ஒரே இடத்தில் சேர வேண்டும், உள்ளே நுழையும் ஒவ்வொரு கம்பிக்கும் நுழைவாயிலிலேயே எழுச்சித் தடுப்பான் வேண்டும். ‘கருவிக்குத் தனி எர்த், சுத்தமான எர்த்’ என்று சொல்லி மற்றவற்றுடன் இணைக்காது விடுவது மின்னல் மிகுந்த நிலத்தில் ஆபத்தானது.

திரும்பும் வழி

இனிப் பலகைக்குள் வரலாம். அச்சுச் சுற்றுப் பலகையில் செப்புப் படலத்தின் கனம் வழக்கமாக 35 மைக்ரான். இப்படலத்தில் ஒரு சதுரத்தின் தடை சுமார் அரை மில்லிஓம். சதுரம் பெரிதாயினும் சிறிதாயினும் தடை ஒன்றே என்பது மாணவர்கட்கு வியப்பளிக்கும் செய்தி. நீளம் கூடுமளவு அகலமும் கூடுவதே காரணம். 1 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் நீளமும் உடைய தடத்தில் 100 சதுரங்கள். எனவே 50 மில்லிஓம். புறக்கணிக்கத்தக்க தடை என்றே எவரும் கூறுவர்.

அத்தடத்தையே உணர்கருவியும் வானொலி அலை அனுப்பியும் மின்கலத்திற்குத் திரும்பும் பொதுவழியாகக் கொண்டிருப்பதாக வைத்துக்கொள்க. அனுப்பி இயங்கும்போது 100 மில்லிஆம்பியர் இழுக்கிறது. 50 மில்லிஓம் தடையில் 100 மில்லிஆம்பியர் ஓடினால் 5 மில்லிவோல்ட். ஒரு மில்லிவோல்ட்டுக்கு ஒரு மீட்டர் நீர் என்பதை நினைவு கூர்க. குறிகையைப் பொதுத்தளத்திலிருந்து ஒற்றைக் கம்பியில் அளக்கும் முறையாயின், கருவி செய்தி அனுப்பும் ஒவ்வொரு முறையும் மலையினுள் நீர் 5 மீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ காணும். நீர் அசையவேயில்லை, ஒரு விரல்நீளச் செம்பு அசைத்தது.

பரிகாரங்கள் பல. பாலத்தின் இரு முனைகளையும் கருவிப் பெருக்கியின் இரு உள்ளீடுகளில் கொடுத்து வேறுபாட்டை மட்டும் அளப்பது முதலாவது. இரு முனைகட்கும் பொதுவான ஏற்றத்தை 10,000இல் ஒரு பங்காகக் குறைக்கும் பெருக்கியாயின், 5 மில்லிவோல்ட் பிழை அரை மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கும். நீரில் அரை மில்லிமீட்டர். ஆயின் இந்த ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் மட்டுமே முழுமையாகக் கிட்டும்; அதிர்வெண் ஏற ஏறப் பெருக்கி கைவிடும். இரண்டாவது, பாலத்திற்கு ஊட்டும் மின்னழுத்தத்தையே இலக்கமாற்றியின் ஒப்பளவாகவும் கொள்வது. ஊட்டம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் அளவுகோலும் நூற்றுக்கு ஒன்று குறையும், விடை மாறாது. செலவில்லாத இவ்வுத்தி போதிய அளவு கையாளப்படவில்லை என்றே கூறவேண்டும். மூன்றாவதும் அடிப்படையானதும், பெருமின்னோட்டம் திரும்பும் வழியில் சிறுகுறிகையை நிற்கவிடாதிருத்தல்.

தடை மட்டுமே கணக்கன்று. தடத்திற்குத் தூண்டற்பண்பும் உண்டு. மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி. 100 மில்லிமீட்டர் தடத்தில் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டம் 2 நானோவினாடியில் தாவினால் அதன் இரு முனைகளுக்கிடையே தோன்றுவது ஒரு வோல்ட். முன்னைய கணக்கில் மில்லிவோல்ட், இங்கு வோல்ட். விரைவாகத் தாவும் இலக்கச் சுற்றுகட்கு ஒற்றைத் தடம் திரும்பும் வழியாகப் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. ஆகவே பலகையின் ஓர் அடுக்கு முழுவதையும் தொடர்ச்சியான செப்புத் தளமாக விட்டுவிடுவர்.

இத்தளத்தின் மேல் மின்னோட்டம் நடந்துகொள்ளும் விதம் கவனிக்கத்தக்கது. மெதுவாக மாறும் மின்னோட்டம் தடை குறைந்த வழியில், அதாவது தளம் முழுவதும் பரந்து, திரும்புகிறது. விரைவாக மாறும் மின்னோட்டமோ, தான் சென்ற தடத்தின் நேர் கீழேயே ஒட்டிக்கொண்டு திரும்புகிறது; போக்குக்கும் வரவுக்கும் இடைப்பட்ட பரப்பு அங்கேதான் மிகக் குறைவு. வாய்க்கால் வெட்டிவிட்டது போல் அது தன் வழியைத் தானே தேர்ந்துகொள்கிறது. அவ்வழியின் குறுக்கே தளத்தில் ஒரு பிளவு இருந்தால் மின்னோட்டம் பிளவைச் சுற்றி வரும். சுற்று வட்டம் விரியும். வட்டம் அலைபரப்பும் சட்டமாக மாறிவிடும்.

பல்லாண்டுகளாகப் பாடநூல்கள் கூறிவந்த அறிவுரை, தொடர் குறிகைக்கு ஒரு தளம், இலக்கக் குறிகைக்கு ஒரு தளம் எனப் பிரித்து, இலக்கமாற்றியின் கீழே ஒரே ஒரு புள்ளியில் இணைக்க வேண்டும் என்பது. ஒரே ஒரு மாற்றியுள்ள பலகையில், பிளவை எந்தத் தடமும் தாண்டாவிடின், அது நன்றாகவே பயன்படும். மாற்றிகள் இரண்டானால் ‘ஒரே புள்ளி’ என்பது எங்கே? வரைபவர் கவனக்குறைவாகப் பிளவின் மேல் ஒரு தடத்தை இழுத்துவிட்டால் பிரித்ததனால் விளைந்த நன்மையைவிடத் தீமை மிகும். எனவே இன்று பெரும்பாலும் பின்பற்றத்தக்கது: தளத்தைப் பிளக்காதிருத்தல், பொருள்களை மட்டும் பிரித்து வைத்தல். உணர்கருவியும் பெருக்கியும் பலகையின் ஒரு மூலையில், இலக்கமாற்றி நடுவில், நுண்செயலியும் அனுப்பியும் எதிர் மூலையில், மின்கல இணைப்பு அனுப்பியின் பக்கமாக. அங்ஙனம் வைத்தால் அனுப்பியின் பெருமின்னோட்டம் பெருக்கியின் காலடியைக் கடக்க வேண்டிய தேவையே எழாது. வீட்டில் அடுக்களையையும் படிப்பறையையும் சுவரெழுப்பாமலே தள்ளி வைப்பது போன்றது இது.

ஊட்டத்தை வடித்தல்

மலைமேல் நிலையத்திற்கு மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து 12 வோல்ட் மின்கலத்தின் வழியே வருகிறது. அதை 5 அல்லது 3.3 வோல்ட்டாக இறக்குவதற்கு, மின்கலச் செலவைக் குறைக்கும் பொருட்டு, விட்டுவிட்டு இயங்கும் சுவிட்சிங் ரெகுலேட்டரைப் பயன்படுத்துவர். அது வினாடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடுவதால் அதன் வெளியீட்டில் அலைகள் படியும். உணர்கருவிப் பகுதிக்கு அதனை அப்படியே கொடுத்தல் ஆகாது. அதன் பின் ஒரு நேர்முகச் சீராக்கியை வைத்து, சிறிது மின்னழுத்தத்தை அதில் இழக்க விடுவது வழக்கம். ஆனால் நேர்முகச் சீராக்கி தாழ்ந்த அதிர்வெண்களை அடக்குமளவு உயர்ந்தவற்றை அடக்காது. அவற்றிற்குச் சீராக்கியின் முன்னே தூண்டிச் சுருளோ பெரைட் மணியோ மின்தேக்கியுடன் சேர்ந்து நிற்க வேண்டும். சுருளும் மின்தேக்கியும் சேரும் இடத்தில் ஒத்ததிர்வு உண்டு என்பதை மறத்தலாகாது. தடை குறைந்த பீங்கான் மின்தேக்கியைப் பெரைட் மணியோடு சேர்த்தால், அடக்க வேண்டிய அலையைச் சில அதிர்வெண்களில் அது வளர்த்தும் விடும். ஓர் ஓம் அளவிலான சிறு தடையை உடன் சேர்த்தால் இத்துள்ளல் அடங்கும்.

ஒவ்வொரு சில்லின் ஊட்டக் காலடியிலும் 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். அது எங்கே வைக்கப்படுகிறது என்பதைக் கவனிப்போர் குறைவு. மின்தேக்கி, சில்லுக்குத் திடீரெனத் தேவைப்படும் மின்னூட்டத்தை அண்மையிலிருந்து வழங்கும் குடம் போன்றது. 2 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் இடையிலுள்ள தடத்தின் தூண்டற்பண்பு அக்குடத்தின் வாயை அடைத்துவிடும். கணக்கில் எத்தனை மின்தேக்கிகள் என்பதைவிட, ஒவ்வொன்றும் காலடியிலும் செப்புத் தளத்திலும் எவ்வளவு குறுகிய வழியில் சேர்ந்துள்ளது என்பதே கருதத்தக்கது.

குறிகையின் வழியிலும் வடிப்பான் வேண்டும். இதனை விடுத்தால் நேரும் பிழை மிக வஞ்சகமானது. வினாடிக்கு ஒரு முறை அளவெடுக்கும் கருவியில் 50 ஹெர்ட்ஸ் முரலல் நுழைந்துவிட்டதாகக் கொள்க. மின்வலையின் அதிர்வெண் சரியாக 50 ஆயின், ஒவ்வோர் அளவும் அலையின் அதே இடத்தைப் பிடிக்கும். முரலல் நிலையான கூடுதலாகத் தோன்றும். அதிர்வெண் 49.97 ஆனால், அளவுகள் 33 வினாடிக்கொரு முறை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நம் நாட்டு மின்வலையில் 49.90 முதல் 50.05 வரை அனுமதிக்கப்படுவதால் இது அன்றாட நிகழ்ச்சி. வரைபடத்தைப் பார்ப்பவர், நிலத்தடியில் நீர் மூச்சு விடுவதாக எண்ணுவார். அளவெடுத்த பின்னர் எந்தக் கணிப்பொறியாலும் இப்பொய்யை மெய்யிலிருந்து பிரிக்க இயலாது. அளவெடுக்கும் முன்னரே தடுக்க வேண்டும்.

10 கிலோஓம் தடையும் 10 மைக்ரோபாரட் மின்தேக்கியும் சேர்ந்த எளிய வடிப்பான் 50 ஹெர்ட்ஸ் அலையை 31இல் ஒரு பங்காக்கும். அதன் நேரமாறிலி பத்தில் ஒரு வினாடி. மின்கலத்தை மிச்சப்படுத்த உறங்கி விழிக்கும் கருவியானால், விழித்து 0.3 வினாடியில் அளவெடுத்தால் நூற்றுக்கு 5 பங்கு குறைவாகக் காட்டும். ஒரு வினாடி பொறுத்தால் பிழை 12 பிட்டின் ஒரு படிக்கும் கீழே சென்றுவிடும். இன்னொரு வழியும் உண்டு. அளவைச் சரியாக 20 மில்லிவினாடி தொகுத்துச் சராசரி கண்டால் 50 ஹெர்ட்ஸ் அலையின் மேட்டுப் பாதியும் பள்ளப் பாதியும் ஒன்றையொன்று அழிக்கும். அமெரிக்க நாட்டு மின்வலை 60 ஹெர்ட்ஸ் ஆதலால், அங்கிருந்து வரும் கருவிகள் சில 16.7 மில்லிவினாடிக்கு அமைக்கப்பட்டிருக்கும். இங்கு அவற்றை மாற்றியமைக்க வேண்டும். 100 மில்லிவினாடி எனக் கொண்டால் இரு நாட்டுக்கும் பொருந்தும்.

கவசம்

1836இல் மைக்கேல் பாரடே, உலோகப் படலம் போர்த்திய அறையினுள் மின்புலம் நுழைவதில்லை என்று காட்டினார். இதனைப் பள்ளியிலேயே காட்டலாம். சிறிய எப்.எம். வானொலிப் பெட்டியைப் பாடவைத்து, தகர பிஸ்கட் டப்பாவினுள் இட்டு மூடியை இறுக்கினால் பாட்டு நிற்கும். மூடியின் விளிம்பில் பெயிண்ட் இருந்தால் நிற்காமலும் போகலாம். உப்புத்தாளால் அதைத் தேய்த்து உலோகம் உலோகத்தைத் தொடச் செய்து மீண்டும் பார்க்கச் சொல்க. பின்னர் டப்பாவில் சிறு துளையிட்டு, வானொலியின் காதுக்கருவிக் கம்பியை வெளியே விடுக. துளை ஊசியளவே ஆயினும் பாட்டு மீண்டும் கேட்கும். கவசத்தைத் துளைத்துச் செல்லும் கம்பி, வெளியிலுள்ளதை உள்ளே கொண்டுவரும் தூதன். ஆகையால் பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு கம்பியும் சுவரிலேயே வடிக்கப்படல் வேண்டும். பல நூறு ரூபாய் செலவழித்து வாங்கிய உலோகப் பெட்டியில், வடிக்கப்படாத ஒரே கம்பியை நுழைத்துவிட்டு இரைச்சலை நொந்துகொள்வது களத்தில் அடிக்கடி காணும் காட்சி.

துளையின் பரப்பைவிட அதன் நீளமே முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். மூடியின் விளிம்பில் 6 சென்டிமீட்டர் நீளத்திற்கு மயிரிழை இடைவெளி இருந்தால்கூட, அரையலை நீளமுள்ள அப்பிளவு தானே ஓர் அலைக்கம்பமாகிவிடும். நெருக்கமான திருகுகள் தேவைப்படுவது இதனால்.

மின்புலத்தைத் தடுக்கும் மெல்லிய உலோகம் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. மாறும் புலம் செம்பினுள் எவ்வளவு ஆழம் செல்லும் என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. ஒரு மெகாஹெர்ட்ஸில் 0.066 மில்லிமீட்டர், 50 ஹெர்ட்ஸில் 9 மில்லிமீட்டருக்கு மேல். சமையலறை அலுமினியத் தாளை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மோட்டாரின் காந்தப்புலம் அதைக் கண்ணாடி போல் கடந்துவிடும். இங்கே உதவுவது முறுக்கு. போக்குக் கம்பியையும் வரவுக் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கினால், அடுத்தடுத்த கண்ணிகளில் தூண்டப்படும் மின்னழுத்தங்கள் எதிரெதிராகி அழியும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் தொலைபேசிக் கம்பிகளுக்காகக் காப்புரிமை பெற்ற இம்முறை இன்றும் மாற்றின்றி வழங்குகிறது. கயிறு திரிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடியது.

உணர்கருவிக் கம்பியின் மேலுள்ள பின்னற்கவசத்தை எம்முனையில் இணைப்பது என்ற கேள்வியை ஆசிரியர்கள் அடிக்கடி எதிர்கொள்வர். குறிகை மெதுவானது, இடையூறு 50 ஹெர்ட்ஸ் எனின், கருவியின் முனையில் மட்டும் இணைக்க வேண்டும். இரு முனையிலும் மண்ணோடு இணைத்தால், இரு இடத்து மண்ணுக்குமிடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கும்போதெல்லாம் கவசத்தின் வழியே மின்னோட்டம் ஓடும். மின்சார இரயிலின் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகவும் ஓரளவு மண் வழியாகவும் துணைமின் நிலையத்திற்குத் திரும்புவதால், பாதையருகே இவ்வேறுபாடு வண்டி வரும்போதெல்லாம் எழக்கூடும். உயர்ந்த அதிர்வெண் இடையூறாயின் இரு முனையிலும் இணைப்பதே சரி. இரண்டும் இருக்குமிடத்தில் ஒரு முனையை நேராகவும் மறுமுனையைச் சிறிய மின்தேக்கியின் வழியாகவும் இணைத்தல் ஏற்ற சமரசம்.

கம்பி மிக நீண்டால் மின்னழுத்தத்தை அனுப்பாது மின்னோட்டத்தை அனுப்புவது மேல். தொழிற்சாலைகளில் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையுள்ள மின்னோட்டம் அளவைக் குறிக்கும். வழியில் நுழையும் மின்னழுத்தம் அதை எளிதில் மாற்றாது. கம்பி அறுந்தால் அளவு 4க்குக் கீழே வீழ்ந்து உடனே தெரிந்துவிடும். இடைவிடாது 4 மில்லிஆம்பியர் செலவாவது சூரிய மின்கலத்திற்குச் சுமை என்பதே இதன் குறை.

பலகையைச் சோதித்தல்

பலகை அமைந்தவுடன் உணர்கருவியை இணைத்துப் பார்ப்பது பொதுவழக்கம். அது தவறான தொடக்கம். முதலில் பெருக்கியின் இரு உள்ளீடுகளையும் குறுகிய கம்பியால் ஒன்றுசேர்த்து, பாலத்தின் நடுவழுத்தத்தில் நிறுத்தி, ஆயிரம் அளவுகள் எடுத்து, எந்த எண் எத்தனை முறை வந்தது என எண்ணுக. நல்ல பலகையில் அவை இரண்டு மூன்று அடுத்தடுத்த படிகளில் திரண்டு நிற்கும். பரவி நின்றால் குற்றம் பலகையினுடையது. உணர்கருவியைப் பழித்துப் பயனில்லை. பின்னர் அனுப்பியை நிறுத்தியும் இயக்கியும் எடுத்து ஒப்பிடுக. திரண்ட இடம் நகர்ந்தால் பொதுவழியில் மின்னோட்டம் கலக்கிறது. இடம் நகராது பரவல் மட்டும் அகன்றால் ஊட்டத்தின் வடிப்பு போதவில்லை. மின்கலத்தில் ஒரு முறையும், மின்வலை ஊட்டத்தில் ஒரு முறையும் எடுத்தால், முரலல் வெளியிலிருந்து வருவதா உள்ளே பிறப்பதா என்பது விளங்கும். அடுத்து, உள்ளீட்டில் 350 ஓம் தடையாலான போலிப் பாலத்தையும், களத்தில் இடப்போகும் அதே நீளக் கம்பியையும் இணைத்து மறுபடியும் எண்ணுக. உண்மை உணர்கருவி இதன் பின்னரே.

ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, நேரத்துடன் ஏட்டில் எழுதுதல் வேண்டும். கொல்லங்கோடு போன்ற இடத்தில் அவ்வேட்டில் மேலும் மூன்று பத்திகள் தேவைப்படும்: அண்டையில் கிணற்று மோட்டார் ஓடியதா, அந்நேரத்தில் இரயில் கடந்ததா, வானம் முழங்கியதா. முதற் சோதனையைக் கோடையில் செய்திருந்தால், மண் நனைந்த பின் எர்த்தின் தடையை மீண்டும் அளந்து, உள்ளீடுகளைச் சேர்த்து எடுக்கும் ஆயிரம் அளவுகளை இடவப்பாதியின் முதல் வாரத்தில் மற்றொரு முறை எடுத்து, பழைய பக்கத்திற்கு எதிரே எழுதி வைக்க வேண்டும்.